பதினொரு மில்லிமீட்டர்

எங்கள் வீட்டு பீரோவில், பத்திரமும் பாஸ்போர்ட்டும் வைக்கிற தட்டில், ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் துண்டு அட்டை ஒன்று இருக்கிறது. உள்ளங்கை அகலம்தான். நடுவில் ஓட்டை. தள்ளி நின்று பார்த்தால் ஒரே ஓட்டை. கிட்டே கொண்டுவந்தால், ஐந்து மிளகை நெருக்கி வைத்த மாதிரி ஐந்து துளைகள் ஒன்றன் விளிம்பை ஒன்று தின்றுகொண்டு நிற்பது தெரியும். கீழே பென்சிலில் என் கையெழுத்து: ‘எண் 4. 50 மீட்டர். 11 மி.மீ.’

2018 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு என் மகள் சுட்டவை அந்த ஐந்தும். ஒரு வருஷத்துக்கு மேல் அந்த அட்டையைப் பெருமையோடு எடுத்துப் பார்த்திருக்கிறேன். இப்போது பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது. அந்த ஐந்து துளையை நம்பி 2,000 தோட்டா வாங்கினேன். அந்தத் துளைகளை நம்பிய அளவுக்கு என் மகளின் வார்த்தையை நம்பவில்லை.

தோட்டாப் பேச்சு எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை. அம்மாவின் அப்பா தேன்கனிக்கோட்டைப் பக்கம் கூப்புக் காண்டிராக்டர். 1972-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முன்பு, லைசென்ஸோடு வேட்டைக்குப் போனவர். அவரிடம் இருந்தது 315. ராணுவம் வைத்திருந்த 303-ஐ சாதாரண ஜனங்கள் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதால், வேட்டைக்காரர்கள் கையில் 315 வந்து சேர்ந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலை அதைத் தயாரித்தது. கோடை விடுமுறையில் போனால், திண்ணையில் தாத்தாவும் அவருடைய கூட்டாளிகளும் உட்கார்ந்து எந்தத் தோட்டா உசத்தி என்று பொழுது சாயும்வரை வாதாடுவார்கள். ஜிம் கார்பெட் வைத்திருந்தது 275 ரிக்பி. சம்பாவத் புலியை 1907-இல் சுட்டதற்காக அவருக்குப் பரிசாகக் கொடுத்தது. பெங்களூர் கென்னத் ஆண்டர்சன் வைத்திருந்தது 405 வின்செஸ்டர். அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் தேன்கனிக்கோட்டை, ஜவளகிரிக் காட்டிலேயே அவர் திரிந்திருக்கிறார். தாத்தாவுக்கு இரண்டுமே ஆகாது. “275 ஊசிடா. 315 உலக்கை” என்பார்.

அந்த ஊசியைப் போன்ற 7 மில்லிமீட்டர் தோட்டாவை வைத்துத்தான் டபிள்யூ.டி.எம். பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஆப்பிரிக்காவில் நூற்றுக்கணக்கான யானைகளை வீழ்த்தினார் என்று பின்னாளில் படித்தேன். தாத்தாவிடம் சொல்ல அவர் இல்லை.

அவருடைய சாட்சி ஒரே ஒரு காட்டுப்பன்றி. இருநூறு கெஜத்தில், ஓட ஓட, ஒரே தோட்டா. அதற்கப்புறம் 315-ஐப் பற்றி யாரும் அவரிடம் குறை சொல்ல முடியாது. இருநூறு கெஜத்தில் எத்தனை தடவை சுட்டீர்கள், எத்தனை தவறியது என்று அங்கே யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. பரண் கட்டி உட்கார்ந்து இருபது, முப்பது கெஜத்தில் சுடுகிறவர்களுக்கு 275-ஆ, 315-ஆ, 405-ஆ என்பதில் குறியின் துல்லியத்தைப் பொறுத்தவரை ஒன்றுமே இல்லை. அந்தத் தூரத்தில் மூன்றும் ஒரு கொட்டாங்குச்சிக்குள் விழும். ஆனாலும் ஒரு சம்பவத்தை வைத்து ஒரு தோட்டாவை எடைபோடும் வழக்கம் அந்தத் திண்ணையிலிருந்து எனக்கும் வந்திருக்கிறது.

நாங்கள் திருவான்மியூரில் ஜெயந்தி தியேட்டர் ஸ்டாப்புக்கு உள்ளே தள்ளி, மருந்தீஸ்வரர் கோயில் மணி காதில் விழுகிற தூரத்தில் இருக்கிறோம். என் மகளுக்குப் பத்து வயதிருக்கும்போது, 2012-இல், சென்னையில் பிறந்த ககன் நரங் லண்டன் ஒலிம்பிக்கில் ஏர் ரைபிளில் வெண்கலம் வாங்கினார். டி.வி. முன்னால் இருந்து அவள் எழுந்திருக்கவில்லை. அதே ஒலிம்பிக்கில் ஐம்பது மீட்டரில் படுத்தபடி சுடும் பிரிவில் ஜாய்தீப் கர்மாகர் நான்காவதாக வந்தார். வெண்கலத்துக்கும் அவருக்கும் இடைவெளி 1.9 புள்ளி. எனக்கு அந்த எண்தான் மனதில் தங்கியது. அவளுக்கோ தேஜஸ்வினி சாவந்த். கோலாப்பூர்ப் பெண், 2010-இல் மியூனிக்கில் அதே படுத்துச் சுடும் போட்டியில் உலகச் சாம்பியன் ஆனவர். அவர் படம் மகளின் அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தது.

பன்னிரண்டு வயதில் கிளப்பில் சேர்ந்தாள். மூன்று வருஷம் ஏர் ரைபிள். பிறகு கிளப் துப்பாக்கியில் ஐம்பது மீட்டர்.

இந்த விளையாட்டு தெரியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஐம்பது மீட்டர் இலக்கில் பத்து என்பது 10.4 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு வட்டம். ஒரு சட்டைப் பொத்தான். சுடுகிற ஈயக் குண்டின் குறுக்களவு 5.6, எடை 2.6 கிராம். குண்டின் விளிம்பு பத்தின் கோட்டைத் தொட்டாலே பத்துதான் என்பதால், குண்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து எட்டு மில்லிமீட்டர்வரை விலகலாம். அதற்கு மேல் போனால் ஒன்பது. இப்படி அறுபது தடவை.

இனி தோட்டா. இந்தப் போட்டித் தோட்டா நொடிக்குச் சுமார் 330 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது, ஒலியை முந்தாமல். இலக்கை அடைய ஒரு நொடியில் ஆறில் ஒரு பங்கு போல ஆகும். அந்த நேரத்துக்குள் பூமி அதைப் பன்னிரண்டு சென்டிமீட்டர் கீழே இழுத்துவிடும். எல்லாத் தோட்டாவும் ஒரே வேகத்தில் போனால் கவலையில்லை, குறிக்கருவியை அதற்கேற்றபடி வைத்துக்கொள்ளலாம். ஒரு தோட்டா நொடிக்குப் பத்து மீட்டர் மெதுவாகக் கிளம்பினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஏறக்குறைய எட்டு மில்லிமீட்டர் கீழே விழும். சுடுகிறவரின் கை, கண், மூச்சு எல்லாம் சரியாக இருந்தும் பத்து கைவிட்டுப் போகும் விளிம்பில் நிற்கும்.

அதனால்தான் போட்டிக்குப் போகிறவர்கள் கம்பெனியைப் பார்ப்பதோடு நிற்பதில்லை, லாட்டை, அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதியை, பார்க்கிறார்கள். பர்மிங்ஹாமின் ஈலி, பின்லாந்தின் லாபுவா, ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.எஸ். எல்லாமே நல்ல பெயர் எடுத்தவை. ஆனால் ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே நிறப் பெட்டிக்குள்ளேயே லாட்டுக்கு லாட் நடத்தை மாறும். ஒரு துப்பாக்கிக்கு ஒத்துப்போகிற லாட் இன்னொரு துப்பாக்கிக்கு ஒத்துப்போகாது. வெளிநாட்டில் பெரிய சுடுநர்கள் தங்கள் துப்பாக்கியையே தொழிற்சாலைக்கு எடுத்துப்போய், இடுக்கியில் பூட்டி, லாட் லாட்டாக, ஒவ்வொன்றிலும் நாற்பதுபோலச் சுட்டுப் பார்த்து, பொருந்துகிற லாட்டை மொத்தமாக வாங்கிவருவார்கள். எங்களுக்கு அந்த வசதி இல்லை. வெளிநாட்டுச் சரக்கு, வருஷத்துக்கு ஒரு முறைதான் வாங்க வாய்க்கும், லைசென்ஸ், கணக்குப் புத்தகம், கிளப் பெட்டகம். நினைத்தபோது கடையில் போய் வாங்குகிற பொருளில்லை.

நான்கு லாட்டிலிருந்து இரண்டிரண்டு பெட்டி சோதனைக்குக் கிடைத்தன. பெட்டிக்கு ஐம்பது. எந்தெந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம், ஏனென்றால் தவறு தோட்டா செய்தவர்களுடையது அல்ல. பெட்டிகளின் மேல் 1, 2, 3, 4 என்று பென்சிலில் எழுதினேன்.

அந்த ஞாயிறு விடிந்ததும் ரேஞ்சில் இருந்தோம். பயிற்சியாளர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசமாட்டார். மணல்மூட்டை இரண்டை அடுக்கி அதன்மேல் துப்பாக்கியை வைத்துக் கொடுத்தார். மேலே இருந்த பெட்டி எண் 4. அதையே முதலில் எடுத்தோம். காற்று அசையவில்லை, தூரத்தில் நட்டிருந்த கொடித்துணி தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு தோட்டா சும்மா. பிறகு ஐந்து.

அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தபோது எனக்குக் கை நடுங்கியது. சட்டைப் பையிலிருந்து காலிப்பரை எடுத்து, எட்ட எட்ட இருந்த இரண்டு துளைகளின் மையத்துக்கு மையம் அளந்தேன். பதினொன்று.

அதன் பிறகு மூன்றாவது பெட்டி: 22. அப்புறம் முதல் பெட்டி: 19. கடைசியாக இரண்டாவது: 17. அதற்குள் பத்தரை மணி. மகளின் முதுகில் ஜாக்கெட்டைத் தாண்டி வேர்வை. கொடித்துணி படபடத்துக்கொண்டிருந்தது.

“சார், இன்னும் ரெண்டு மூணு குரூப் போட்டுப் பாத்துடலாமே. பெட்டிதான் இருக்கே” என்றார் பயிற்சியாளர்.

“எதுக்கு மாஸ்டர்? இதைவிட என்ன வேணும்?” என்று அட்டையைக் காட்டினேன்.

ஒவ்வொரு லாட்டிலும் 93 தோட்டா மீதி இருந்தது. அவற்றை மிச்சம் பிடிப்பதாக நினைத்துக் கிளப் பெட்டகத்தில் வைத்துவிட்டு, நாலாம் எண்ணில் 2,000 வேண்டும் என்று அன்று மாலையே எழுதிக் கொடுத்தேன். காசு கொஞ்சநஞ்சமில்லை. சீட்டுப் பணத்தை எடுத்தேன்.

இந்த இடத்தில் என் தொழிலைச் சொல்லியாக வேண்டும். கிண்டி தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் தரக்கட்டுப்பாட்டில் இருந்தேன். ஒரு புது மெஷின் வந்தால், ஐந்தைந்து பீஸாக இருபத்தைந்து தடவை எடுத்து, நூற்றிருபத்தைந்தையும் அளந்து, வரைபடத்தில் புள்ளி வைத்த பிறகுதான் அந்த மெஷின் எப்படிப்பட்டது என்று வாய் திறப்போம். இதைப் பையன்களுக்குக் கற்றுக்கொடுத்து மாதச் சம்பளம் வாங்கியவன் நான். தொழிற்சாலைக் கேட்டைத் தாண்டி வீட்டுக்கு வந்ததும் அது எனக்கு மறந்துபோனது. ஆசை அப்படிப்பட்டது. என் மகள் ஐந்து தோட்டாவை ஒரே ஓட்டையில் போட்டாள் என்பது உண்மையாக இருக்க வேண்டும் என்று நான் விரும்பினேன், அவ்வளவுதான்.

ஜூனிலிருந்து அவள் நாலாம் எண்ணில் பயிற்சி எடுத்தாள். அதற்கு முன் அவள் சராசரியாக 600-க்கு 584 எடுத்துக்கொண்டிருந்தாள். புதுத் தோட்டாவில் 577, 573, 576. ஒரு சனிக்கிழமை வண்டியில் திரும்பி வரும்போது சொன்னாள்:

“அப்பா, இந்தத் தோட்டா சரியில்லப்பா. பத்துன்னு நினைச்சு விட்டது ஒன்பதுல நிக்குது. நேரா மேல, இல்லன்னா நேரா கீழ.”

“மேல கீழ போச்சுன்னா அது மூச்சும்மா. விசையை இழுக்கறப்ப மூச்சை முழுசா நிறுத்தல நீ. தோட்டா அப்படிப் போகாது. நாமதான் அளந்தோமே.”

“நான் நிறுத்தறேன்ப்பா.”

“நிறுத்தினா ஏன் போகுது?”

அவள் பதில் சொல்லவில்லை. டைடல் பார்க் சிக்னலில் நின்றோம். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை நான் பார்க்கவில்லை, கண்ணாடியில் தெரிந்த பாதி முகம்தான் இப்போதும் ஞாபகத்தில் இருக்கிறது.

அன்றிலிருந்து அவள் தன்னையே சரிசெய்துகொள்ள ஆரம்பித்தாள். இல்லாத குறையைத் தேடுகிறவர் எங்கே நிறுத்துவது? மூச்சு விடும் முறையை மாற்றினாள். இடது கையில் மாட்டுகிற தோல் வாரை இரண்டு ஓட்டை இறுக்கினாள். மேற்கையில் கறுப்பாகத் தடம் விழுந்து, பள்ளிக்கூடத்துக்கு முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போனாள். கன்னம் வைக்கிற கட்டையை ஏற்றினாள், இறக்கினாள். ஒவ்வொரு மாற்றமும் முதல் நாள் கொஞ்சம் பலன் தந்த மாதிரி இருக்கும். இரண்டாம் நாள் போய்விடும். தோட்டாவின் குணத்தால் தானாகவே ஏறி இறங்கிக்கொண்டிருந்த மதிப்பெண்ணைப் பார்த்து, நல்ல நாளில் ‘இந்த மாற்றம்தான் காரணம்’ என்றும், மோசமான நாளில் ‘அந்த மாற்றம்தான் காரணம்’ என்றும் நாங்கள் இருவரும் நம்பிக்கொண்டிருந்தோம். தெரியாமலே அவளுடைய நல்ல பழக்கங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டேன்.

ஆகஸ்டில் போட்டி. 571. அடுத்த கட்டத்துக்கு மூன்று புள்ளி குறைவு. ஜாக்கெட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, “எனக்கு சுடவே வரலப்பா” என்றாள். நான் அவள் தலையைத் தடவினேன். தோட்டாவைப் பற்றி அப்போதுகூட எனக்குத் தோன்றவில்லை.

பிளஸ் டூ வருஷம் என்பதால் அத்தோடு பயிற்சி நின்றது. 2019 ஜூனில் கோவையில் கல்லூரிக்குப் போனாள்.

ஜூலையில் தொழிற்சாலையில் ஒரு புது கிரைண்டிங் மெஷின் வந்தது. புதிதாகச் சேர்ந்திருந்த பையன் ஒருவன் ஐந்து பீஸ் அளந்து, “சார், சூப்பரா இருக்கு, மெஷின் ஓகே” என்று கையெழுத்துக்குத் தாளை நீட்டினான். எனக்குக் கோபம் வந்தது. “அஞ்சு பீஸை வச்சு மெஷினைப் பாஸ் பண்ணுவியா? அஞ்சு பீஸ் யாருக்கு வேணும்னாலும் நல்லா வரும்டா” என்று சத்தம் போட்டேன். சொல்லி முடிக்கும்போதே குரல் இறங்கிவிட்டது. பையன் பயந்து நின்றான். நான் அவனைப் பார்க்கவில்லை. பீரோவில் இருந்த அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று இரவு மகளின் மேஜையில் அவளுடைய பயிற்சி நோட்டைத் தேடி எடுத்தேன். சுடுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் சொல்லிக் கொடுப்பார்கள்: விசையை இழுத்த நொடியில் குறி எங்கே நின்றது என்று மனதில் பதித்துக்கொண்டு, குண்டு எங்கே விழுந்திருக்கும் என்று முதலில் எழுத வேண்டும். பிறகுதான் ஸ்கோப்பில் பார்த்து, உண்மையில் விழுந்த இடத்தைப் பக்கத்தில் எழுத வேண்டும். என் மகள் இதை விடாமல் செய்திருந்தாள். குட்டிக் குட்டி எழுத்தில், பக்கம் பக்கமாக. ‘நினைத்தது 10, விழுந்தது 9, மேலே.’ ‘நினைத்தது 10, விழுந்தது 9, கீழே.’ ‘நினைத்தது 9 வலது, விழுந்தது 9 வலது.’

உட்கார்ந்து எண்ணினேன். நாலாம் எண் தோட்டாவில் அவள் எழுதிவைத்தது 412. அதில் பத்து தவறியவை 178. அந்த 178-இல் 121, கடிகாரத்தின் பன்னிரண்டு மணிப் பக்கமோ ஆறு மணிப் பக்கமோ விழுந்தவை. அந்த 121-இல் பெரும்பாலானவற்றை அவள் பத்து என்று நினைத்திருந்தாள். மூச்சால் ஏறி இறங்கியிருந்தால் குறி அசைந்தது அவள் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். நினைத்ததும் விழுந்ததும் ஒன்றாக இருந்திருக்கும். பக்கவாட்டில் காற்றால் தவறியவற்றை அவள் சரியாகவே சொல்லியிருந்தாள். அவள் கண்ணுக்குத் தெரியாமல் மேலும் கீழும் போனது குண்டின் வேகம்.

ஐந்து துளையை பீரோவில் பூட்டி வைத்திருந்தேன். 412 துளையின் கணக்கு பக்கத்து அறையில், திறந்த மேஜையில் கிடந்தது.

நோட்டு ஒன்றே போதும். ஆனாலும் முறையாகப் பார்க்க வேண்டும் என்று பயிற்சியாளரிடம் போனேன். பெட்டகத்தில் மற்ற மூன்று லாட்டிலும் மீதி இருந்தது. நான்கு ஞாயிறு. ஒரு ஞாயிறுக்கு ஒரு லாட். காலை ஆறரையிலிருந்து எட்டுக்குள், கொடித்துணி தொங்குகிற நேரத்தில் மட்டும். முதலில் இருபது தோட்டா கணக்கில் சேராது. ஒவ்வொரு கம்பெனியும் குண்டின் மேல் பூசுகிற மெழுகு வேறு. முந்தைய மெழுகு பேரலில் இருக்கும்வரை புதுத் தோட்டா தன் உண்மையான நடத்தையைக் காட்டாது. நாங்கள் அந்த ஏப்ரலில் இரண்டே இரண்டு சும்மா சுட்டுவிட்டு அளக்க ஆரம்பித்தோம். அதிலும் அதற்கு முதல் வாரம் முழுக்க மகள் சுட்டது நாலாம் எண்ணின் கம்பெனித் தோட்டாதான். அதாவது பேரல் அதற்கு மட்டும் பழகியிருந்தது. அது மட்டுமா, நாலாம் எண் காற்றில்லாத ஏழு மணிக்கு, களைப்பில்லாத கைக்கு வந்தது. மற்றவை ஒன்றன்பின் ஒன்றாக வெயிலுக்கும் காற்றுக்கும் போயின. நொடிக்கு ஒரு மீட்டர் குறுக்குக் காற்றே இந்தக் குண்டை ஐம்பது மீட்டரில் அரை சென்டிமீட்டர் தள்ளிவிடும். இவ்வளவும் எனக்குத் தெரிந்த விஷயங்கள்.

பயிற்சியாளர் மணல்மூட்டைமேல் வைத்துச் சுட்டார். ஐந்தைந்தாக எட்டு அட்டை, மொத்தம் நாற்பது. நாலாம் எண்ணின் எட்டு அட்டைகளை வரிசையாக பெஞ்சில் பரப்பி அளந்தேன்: 16, 21, 25, 18, 23, 13, 20, 19. ஒரே துப்பாக்கி, ஒரே ஆள், ஒரே தோட்டா, ஒரே காலை. 13-ஐ மட்டும் பார்த்தவன் இதைத் தங்கம் என்பான். 25-ஐ மட்டும் பார்த்தவன் தூக்கி எறிவான். இரண்டும் ஒரே பெட்டியிலிருந்து பத்து நிமிஷ இடைவெளியில் வந்தவை. ஐந்து தோட்டா குரூப்பின் இயல்பே அப்படி. சராசரியிலிருந்து கால் பங்கு கூடுவதும் குறைவதும் ஒரு அதிசயமும் இல்லை. மூன்று தோட்டாவை வைத்துச் சொல்கிறவர்கள் இன்னும் மோசம். நான்கு லாட்டில் ஐந்தைந்து சுட்டு, ஆகச் சிறியதைப் பொறுக்கி எடுக்கிறவன் பெரும்பாலும் நல்ல தோட்டாவைப் பொறுக்குவதில்லை. அந்தக் காலை யாருக்கு நன்றாக வாய்த்ததோ அதைப் பொறுக்குகிறான்.

எட்டு அட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒரு தாளில் புள்ளி குத்தினேன். நாலாம் எண்ணின் நாற்பதும் 32 மில்லிமீட்டருக்குப் பரவியிருந்தது, நின்றவாக்கில் நீண்டு, முருங்கைவிதை வரிசை போல. முதல் எண் 26, இரண்டாவது 23, மூன்றாவது 27, மூன்றும் உருண்டையாக. இந்த மூன்றுக்குள் எது உசத்தி என்று நாற்பதை வைத்தும் நான் சொல்ல மாட்டேன். அந்த வித்தியாசம் அடுத்த நாற்பதில் தலைகீழாகலாம். நாலாவது மட்டும் அந்தத் துப்பாக்கிக்கு ஒத்துவரவில்லை. ஏப்ரலில் கண்ணை மூடிக்கொண்டு மற்ற மூன்றில் ஒன்றை எடுத்திருந்தாலும் அவளுக்கு நன்மை செய்திருப்பேன்.

பயிற்சியாளர் தாளைப் பார்த்தார். “அன்னைக்கே நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கணும் சார்” என்றார். அவர் சொன்னார்; கேட்காதவன் நான் என்று சொன்னேன்.

தீபாவளிக்கு மகள் வந்தாள். சாயந்திரம் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மணலில் உட்கார்ந்து, புள்ளி குத்திய தாள்களையும் அவளுடைய நோட்டையும் கொடுத்தேன். நான் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தேன், மெழுகு, காற்று, வேகம் என்று. அவள் நாலாம் எண் தாளை மட்டும் மடிமீது வைத்துக்கொண்டு, விரலால் அந்த நீண்ட வரிசையை மேலிருந்து கீழாகத் தடவினாள்.

“அப்போ என் மூச்சு சரியா இருந்துச்சாப்பா?”

“இருந்துச்சும்மா.”

“பதினாறு வயசுல எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்ப்பா. அதுவும் இல்லைன்னு நினைச்சேன்.”

மன்னிச்சிடும்மா என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இருட்டும்வரை அங்கேயே இருந்தோம்.

வீட்டுக்கு நடந்து வரும்போது, “மத்த மூணு லாட்ல ஏதாவது கிடைக்குமா?” என்று கேட்டாள். கோவையில் ஒரு ரேஞ்ச் இருக்கிறதாம், விடுமுறை நாளில் போகலாமாம். அவள் கேட்ட அந்தக் கேள்விக்கு நல்ல பதில் சொல்ல எனக்கு எவ்வளவோ ஆசை. அடுத்த நாளே கிளப்பில் விசாரித்தேன், தெரிந்தவர்கள் மூலமும் கேட்டேன்.

அந்த மூன்று லாட்டும் 2018-லேயே தீர்ந்துவிட்டன. தோட்டாவில் தீர்ந்த லாட் மறுபடி வருவதில்லை. அதே கம்பெனி, அதே பெட்டி, அதே பெயரோடு வருவது வேறு எண். அதை முதலிலிருந்து, நாற்பதும் சுட்டுத்தான் பார்க்க வேண்டும்.